தகப்பன் ஸ்தானத்தில் ஒரு துரோகி

நண்பர்களே, சற்று முன் நாம் பார்த்த 'டோக்கியோ டிரிஃப்டர்' 1966-இல் வந்தது. இயக்கியவர் செய்ஜுன் சுசுகி. ஜப்பானின் நிக்காட்சு படநிறுவனம் அவருக்குக் கொடுத்ததெல்லாம் பெரிய படத்தோடு சேர்த்து இரண்டாவதாக ஓட்டுகிற சின்னப் படங்கள்தான். காசும் குறைவு, நாளும் குறைவு.

யகூசா என்கிற ஜப்பானிய ரவுடிக் கும்பலில் தலைவனுக்குப் பெயர் 'ஓயாபுன்', அடியாளுக்குப் பெயர் 'கோபுன்'. தகப்பன் ஸ்தானம், பிள்ளை ஸ்தானம் என்று பொருள். சாகே என்கிற அரிசி மதுவைக் கிண்ணத்தில் வாங்கிக் குடித்துவிட்டால் அந்த உறவு உறுதி. அதற்குப் பிறகு பிள்ளை பட்டிருக்கிற கடனைத்தான் 'கிரி' என்கிறார்கள். செஞ்சோற்றுக்கடன் என்று நாம் சொல்வது அதற்குக் கிட்டத்தட்ட வரும். அந்தக் காலத்து யகூசா படங்களில் இந்தக் கடனுக்காக நாயகன் காதலை விடுவான், சிறைக்குப் போவான், உயிரையும் கொடுப்பான். கொடுக்கத் தகுந்தவனாகத் தலைவனும் இருப்பான்.

சுசுகி கைவைத்தது அந்தத் தலைவன்மேல். இந்தப் படத்தில் தலைவர் குராதா தன் கும்பலைக் கலைத்துவிட்டு நேர்வழிக்கு வருகிறார். அவர் சொல்லுக்காக, துறைமுகத்தில் அத்தனை அடி விழுந்தும் அவருடைய அடியாள் தெத்சு கை ஓங்குவதில்லை. தலைவருக்குத் தொல்லை வரக்கூடாதென்று டோக்கியோவை விட்டே போகிறான். வடக்கே பனியில் அலைகிறான், தெற்கே சசெபோவுக்குப் போகிறான். எதிர்க் கும்பலை விட்டு வந்த கென்ஜி, இந்த விசுவாசத்தால் உனக்கு என்ன கிடைக்கப்போகிறது என்று எச்சரிக்கிறான். தெத்சுவுக்கு அது பிடிக்கவே இல்லை. அப்புறம் தெரிகிறது, அவனைக் கொல்லச் சொன்னதே குராதாதான். தன் சொத்தைக் காப்பாற்றிக்கொள்ளப் பிள்ளையை விற்றுவிட்டார்.

கடைசியில் வந்த அந்த இரவு விடுதியை மறந்திருக்க மாட்டீர்கள். கலை இயக்குநர் தகேயோ கிமுரா. வெறும் வெள்ளை, ஒரு பியானோ, மாறிக்கொண்டே இருக்கும் வெளிச்சம். ஒளிந்துகொள்ள அங்கே ஒரு மூலைகூட இல்லை. தகப்பனும் பிள்ளையும் நேருக்கு நேர் நின்றே ஆகவேண்டும். பெரிய செலவில் நாற்காலி, திரைச்சீலை, கூட்டம் என்று நிரப்பியிருந்தால் இந்த வலி இவ்வளவு துலக்கமாகத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். குராதா தன் கையை அறுத்துக்கொண்டு சாகிறார். தெத்சு காதலியைக்கூட அழைத்துக்கொள்ளாமல் தனியே நடந்துபோகிறான்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு சுசுகியின் வாழ்க்கையும் நினைவுக்கு வந்துவிடும். 1956-இலிருந்து 12 வருடத்தில் நிக்காட்சுவுக்காக ஏறக்குறைய 40 படம் எடுத்துக்கொடுத்தவர். 1968-இல், உங்கள் படம் புரியவில்லை, காசும் வரவில்லை என்று அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் தெத்சுவைப் போல ஒதுங்கிப் போகவில்லை, வழக்குப் போட்டார். 1971-இல் நிறுவனம் சமரசத்துக்கு வந்தது. ஆனாலும் அடுத்த படம் எடுக்க அவருக்கு 1977 வரை ஆயிற்று.