இஞ்சி வேர் போன தூரம்

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு ஒரே ஒரு சொல்லத்தான் எடுத்துட்டு வந்திருக்கேன், ஜிஞ்சர்.

இந்த ஜிஞ்சர் பழைய ஆங்கிலத்துல ஜிஞ்சிஃபர், அதுக்கு முன்னாடி லத்தீன்ல ஜிங்கிபெர், கிரேக்கத்துல ஜிங்கிபெரிஸ், அப்படியே கிழக்க வந்தா, பழைய பௌத்த நூல்களோட மொழியான பாலியில சிங்கிவேர. கடைசில என்ன கேக்குது பாருங்க, வேர. அது நம்ம வேர்தாங்க, இஞ்சி வேர்.

சரி, நாம இஞ்சின்னுதானே சொல்றோம், முன்னாடி அந்த ச எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க, கேக்கணும். பழைய திராவிடத்துல ச-ல ஆரம்பிச்ச சில சொல்லெல்லாம் தமிழ்ல வரும்போது அந்த ச-வ உதிர்த்துடுச்சு, நாம ஆறுன்னு எண்றோம்ல, நடு இந்தியாவுல பேசுற திராவிட மொழியான கோண்டியில அது இன்னைக்கும் சாருங். அப்போ நாம விட்ட ஒலிய பாலி பத்திரமா வச்சிருக்கு, எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச இடமே இதுதான். சமஸ்கிருதத்துல இத ச்ருங்கவேரன்னு ஆக்கி, ச்ருங்கம்னா கொம்பு, இஞ்சி கொம்பு மாதிரி இருக்கு, அதான் இந்தப் பேருன்னு விளக்கம் சொன்னாங்க, கேக்க அழகா இருக்கும், ஆனா அது பின்னாடி பொருத்தி வச்ச விளக்கம். 1952ல ஆலன் ராஸ்னு ஒரு ஆங்கிலேய மொழியியலாளர் இந்த ஒரு சொல்லுக்காகவே தனியா ஒரு புத்தகம் போட்டாரு, அவ்வளவு சரக்கு இருக்கு இதுல.

ரோமாபுரியில முதலாம் நூற்றாண்டுல பிளினிங்கிற ரோமானிய எழுத்தாளர் விலை எழுதி வச்சிருக்காரு, ஒரு பவுண்டு இஞ்சி 6 டெனாரியஸ், அதாவது ரோமானிய வெள்ளிக் காசு, கருமிளகு 4தான். ஆனா இஞ்சி அரபு நாட்டுப் பக்கம் விளையுதுன்னு எழுதினாரு, கிரேக்க மருத்துவர் டயோஸ்கொரிடீஸும் அப்படியே. சரக்கு அந்த வழியா வந்துச்சு, ஊர மாத்திட்டாங்க, பேர மட்டும் மாத்த முடியல.

இதுக்காக காதுல ஒரே மாதிரி விழுறதெல்லாம் நம்மளுதுன்னு கிளம்பிடக் கூடாது. கேஷ்னா காசுன்னு நிறைய பேரு சொல்றாங்க, கடையில நீட்டுற கேஷ் பிரெஞ்சுல பெட்டிய குறிக்கிற சொல்லுலேருந்து வந்தது, சீனாவுல ஓட்ட போட்ட சின்ன நாணயத்துக்கு ஆங்கிலேயர் கேஷ்னு சொன்னாங்களே, அதுதான் போர்ச்சுகீசியர் வாய் வழியா போன நம்ம காசு. ரெண்டும் வேற வேற சொல்லு, ஒலி ஒவ்வொரு படியா எப்படி மாறுச்சுன்னு காட்டினாத்தான் கணக்கு.

இஞ்சியில அத காட்ட முடியுது. ஜிஞ்சிஃபர்ல நடுவுல இருந்த ஃப-வும் பிற்பாடு போயிடுச்சு, இப்ப லண்டன் பக்கம் ஜிஞ்சான்னு நிறுத்திக்கிறாங்க, எழுத்துல மட்டும் கடைசில ஒரு ர் நிக்குது, அது வேர்ல உள்ள ர்.