எடையைக் குறைப்போம், எஞ்சினை விட வேண்டாம்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தில் பணி ஓய்வு பெற்ற பலரின் வீட்டுத் தோட்டக் கொட்டகையில் ஒரு லேத், அதாவது உலோகம் கடையும் இயந்திரம், இருக்கும். அதில் கடைந்து அவர்கள் உருவாக்குவது நிலக்கரி போட்டு, நீராவியில் ஓடி, ஆட்களை இழுத்துச் செல்லும் ரயில் எஞ்சின். அளவு மட்டும்தான் சிறியது. இந்தக் கலைக்கென்று 1898இல் லண்டனில் தொடங்கிய சங்கம் இன்றும் இயங்குகிறது. நானும் நெடுநாளாக இந்த வேலையில் ஊறியவன்.

"வயசாகிவிட்டது, போதும்" என்று சொல்லி நண்பர்கள் லேத்தை விற்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. கைத்திறன் அத்தனை சீக்கிரம் போவதில்லை. முதலில் போவது தூக்கும் சக்திதான்.

தண்டவாள இடைவெளி 5 அங்குலம், அதாவது 127 மில்லிமீட்டர் உள்ள எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். பெரிய வகையாக இருந்தால் எடை 100 கிலோவைத் தாண்டும். ஓட்டுவதற்குச் சங்கத்தின் தண்டவாளப் பாதைக்குக் கொண்டுபோக அதைக் காரில் ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், பாதையில் வைக்க வேண்டும். ஓய்வு நேரத்தில் இதைக் கட்டி முடிக்கப் பத்து ஆண்டு ஆவது சாதாரணம். அறுபதில் தொடங்குகிறவர் எழுபதில் முடிப்பார். ஆகவே எந்த அளவு என்று தீர்மானிக்கும்போது, இன்றைய உடம்பை அல்ல, எழுபது வயது முதுகை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சிறிய அளவுக்கு இறங்குவதைப் பலர் தோல்வி மாதிரி நினைக்கிறார்கள். எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. 1920களில் இங்கே ஒரு பெரிய வாதம் நடந்தது. இரண்டரை அங்குலப் பாதையில் ஓடும் குட்டி எஞ்சின், நிலக்கரியில் நீராவி எழுப்பி, வளர்ந்த மனிதரை இழுக்குமா? முடியும் என்று எழுதியவர் எல்.பி.எஸ்.சி. என்ற புனைபெயர் கொண்டவர். எழுதியதோடு நிற்காமல், தான் கட்டிய 'ஆயிஷா' என்ற எஞ்சினை ஓட்டியும் காட்டினார். அந்த அளவில் கட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த எஞ்சின்கள் பலவற்றை ஒருவரே தூக்கிவிடலாம். தீ வளர்ப்பதும், தண்ணீர் மட்டத்தைக் கண்காணிப்பதும் பெரிய எஞ்சினில் போலவேதான்.

கொட்டகைக்குள்ளும் சில மாற்றங்கள் வேண்டும். லேத்தில் உலோகத் துண்டைப் பிடித்துச் சுழற்றும் 'சக்' என்ற கனமான பாகத்தைக் கழற்றும்போது, கீழே லேத்தின் நீண்ட அடிப்பகுதியின்மேல் அதன் வளைவுக்கு ஏற்ற மரத்தொட்டில் ஒன்றை வைத்துவிட்டால் கனம் கையில் விழாது. எஞ்சினுக்கு ஹைட்ராலிக் தூக்குமேசை அவசியம். கண்ணுக்கு வெளிச்சம் இரட்டிப்பாக வேண்டும்.

பாய்லர்தான் உடம்பை வாட்டும் வேலை. கனமான செம்பு முழுவதையும் 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, வெள்ளிக் கலவையால் பற்றவைக்க வேண்டும். சட்டகத்தில் தொடங்கி பாய்லரைப் பிற்பாடு செய்வது வழக்கம். வயதானவர்கள் அதைத் திருப்பிப்போட்டு, தெம்பு இருக்கும்போதே பாய்லரை முடித்துவிடலாம், அதுவும் துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு. தொழில்முறைப் பாய்லர்காரரிடம் வாங்கினாலும் தவறில்லை. ஒரு எச்சரிக்கை: பழைய பற்றவைப்புக் கம்பிகள் பலவற்றில் காட்மியம் என்ற உலோகம் இருக்கும், அதன் புகை நுரையீரலுக்கு விஷம். ஐரோப்பிய ஒன்றியம் 2011இல் அதைத் தடை செய்தது. பெட்டியில் மிச்சம் கிடந்தால் பயன்படுத்தாதீர்கள்.

ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இங்கே நிறைய. சிறிய கீறலும் நெடுநேரம் ஒழுகும். அதற்காகக் கையுறை போட்டுக்கொண்டு லேத்தை ஓட்டாதீர்கள், சுழலும் சக் கையுறையோடு விரலையும் இழுத்துவிடும். தனியாக இருந்தால் தொலைபேசி சட்டைப்பையில் இருக்கட்டும்.

முழங்கால் வலி உள்ளவர்கள் உயர்த்திக் கட்டிய பாதை உள்ள சங்கத்தில் சேரலாம். எஞ்சின் ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் நிற்கும், குனிய வேண்டியதில்லை.

அப்புறம், பெரிய எஞ்சினைக் கொடுத்துவிட முடிவு செய்தால், உடம்பு முழுக்க ஓயும்வரை காத்திருக்காதீர்கள். பாய்லர் சோதனைச் சான்றிதழ் காலாவதியாகும் முன், வாங்குகிறவரைப் பாதைக்கு வரச் சொல்லி, நீங்களே தீ மூட்டிக் காட்டுங்கள். அந்த எஞ்சின் எந்த இடத்தில் அடம்பிடிக்கும், எவ்வளவு கரி கேட்கும் என்பதெல்லாம் கட்டியவருக்குத்தான் தெரியும். இரண்டு மூன்று வாரம் கூட நின்று பழக்கிவிட்டுக் கொடுங்கள்.

நன்றி, வணக்கம்.