நடுக் கட்டைகள் யாருக்கு?

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை நேயர்களுக்கு வணக்கம். ஒரே பியானோவில் இரண்டு பேர் சேர்ந்து வாசிப்பதைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்கிறேன். வலப்பக்கம் உட்காருபவர் ப்ரிமோ, இடப்பக்கம் உட்காருபவர் செகண்டோ. மேற்கத்திய இசையமைப்பாளர்களான மோட்சார்ட்டும் பிராம்ஸும் இந்த வகையில் இசை எழுதியிருக்கிறார்கள். ஷூபர்ட் தன் கடைசி வருஷமான 1828இல் எழுதிய எஃப் மைனர் ஃபேன்டசிக்கு ஈடாக இதில் இன்னொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

88 கட்டைகளின் அகலம் ஏறக்குறைய நாலு அடிதான். அதனால் தனித்தனி ஸ்டூல் போட்டு, இருவரும் கொஞ்சம் வெளிப்பக்கம் தள்ளி உட்காரவேண்டும். ப்ரிமோவின் இடது கையும் செகண்டோவின் வலது கையும் நடுவில் இருக்கும் மிடில் சி என்ற கட்டையைச் சுற்றித்தான் மோதிக்கொள்ளும். யார் கை மேலே, யார் கை கீழே என்பதை முதல் நாளே பென்சிலால் நோட்டில் குறித்துவிடுங்கள். கறுப்புக் கட்டை வாசிப்பவர் கையை உள்ளே தள்ளி உயர்த்தினால், மற்றவர் கட்டைகளின் ஓரத்தில் தாழ வாசிக்கலாம்.

ஒரே கட்டை இருவருக்கும் வரும் இடம்தான் பெரிய தொல்லை. ஒருவர் அதை அழுத்திப் பிடித்திருந்தால் மற்றவர் அடிக்கும்போது சத்தமே வராது. முதலில் பிடித்தவர் ஒரு கணம் முன்னதாக விரலை எடுக்கவேண்டும். நாதம் அறுந்துபோகாமல், காலால் அழுத்தும் பெடல் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பெடல் பெரும்பாலும் செகண்டோவின் காலில் இருக்கும். பாஸ் என்னும் தாழ்ந்த ஸ்வரங்கள் அவரிடம் இருப்பதால் ஸ்வரக்கூட்டு மாறும் இடம் அவருக்குத்தான் முதலில் தெரியும். ஆனால் தன் பகுதிக்கு மட்டும் பெடல் போட்டால் மேலே போகும் மெட்டு குழம்பிவிடும். இதற்கு ஒரு பயிற்சி உண்டு: ப்ரிமோ தனியாக வாசிக்கட்டும், செகண்டோ கைகளை மடியில் வைத்துக்கொண்டு பெடலை மட்டும் போடட்டும். சங்கடமாகத்தான் இருக்கும், செய்து பாருங்கள். செகண்டோவின் காது மேல்கட்டைகளுக்குப் பழகும்.

நம் ஊர் வானிலையும் இதில் தலையிடுகிறது. கத்திரி வெயிலில் மரம் காய்ந்து சுருதி இறங்கும். ஐப்பசி மழையில் ஈரம் ஏறிச் சுருதி உயரும், கட்டைகளும் கனத்து மெதுவாகத் திரும்பும். இந்த மாற்றம் நடுப்பகுதியில்தான் அதிகம் தெரியும். இருவர் கையும் சேரும் இடமும் அதுதானே! சுருதி சேர்க்கும் ட்யூனரை மழை தொடங்கிய உடனே அழைக்காதீர்கள். ஈரம் ஒரு நிலைக்கு வந்தபின் கூப்பிடுங்கள்.

61 கட்டை கீபோர்டு இருவர் வாசிப்புக்குப் போதாது, செகண்டோவின் பாஸுக்கு இடமிருக்காது. டிஜிட்டல் பியானோ வாங்கினால் பாலிஃபோனி எண்ணை, அதாவது ஒரே நேரத்தில் எத்தனை ஸ்வரங்கள் ஒலிக்கும் என்பதைக் கேளுங்கள். நான்கு கைகளும் பெடலும் சேரும்போது 64 இருந்தாலும் சில ஸ்வரங்கள் பாதியில் அடங்கலாம். 128க்குக் குறையாமல் பாருங்கள்.

புதிதாகத் தொடங்கும் பிள்ளைக்கு டியபெல்லி என்ற இசையமைப்பாளரின் ஓபஸ் 149, அதாவது 149 என எண்ணிட்ட படைப்பு, பொருத்தம். ப்ரிமோ பகுதி ஐந்து ஸ்வரத்துக்குள்ளேயே அடங்கும். ஆசிரியர் செகண்டோ வாசிக்கலாம். தொடங்கும்போது வாயால் ஒன்று, இரண்டு எண்ணாமல், ப்ரிமோ மணிக்கட்டை லேசாகத் தூக்கி மூச்சு இழுக்கட்டும். அந்த மூச்சின் வேகமே பாட்டின் வேகம். நன்றி, வணக்கம்.