அவன் ஓடவில்லை, சொன்னதைக் கேட்டான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். பதின்ம வயதுப் பிள்ளைகள் வீட்டை விட்டு ஓடப் பெரிதும் காரணம் வெளியுலகின் ஈர்ப்பா, வீட்டின் இறுக்கமா என்பது தலைப்பு. வீட்டின் இறுக்கமே என்று பேச வந்திருக்கிறேன். முன்வரிசைப் பெற்றோர் கைதட்டாவிட்டாலும் பரவாயில்லை, பின்வரிசைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

எதிரணி நண்பர் செல்ஃபோனையும் கூடாத சகவாசத்தையும் பிடித்து விளாசிவிட்டுப் போனார். சரி, ஒரு கேள்வி. வகுப்பில் எல்லார் கையிலும் ஃபோன் இருக்கிறது. ஓடுவது ஒருவன். ஃபோன்தான் காரணம் என்றால் மற்றவர்கள் ஏன் மாலையானதும் வீட்டுக்குப் போகிறார்கள்?

அந்த ஒருவனைக் கொஞ்சம் பாருங்கள். பைக்குள் மதிப்பெண் அட்டை. இரண்டு பாடத்தில் தோல்வி. கையெழுத்து வாங்க வேண்டும். கூடத்தில் அப்பா டிவி பார்க்கிறார். அட்டையை எடுத்துக்கொண்டு வாசற்படிவரை வருகிறான், தண்ணீர் குடிக்க வந்தவன்போலத் திரும்பிவிடுகிறான். போன முறை சொந்தக்காரர்கள் எதிரிலேயே அடி விழுந்தது. "இன்னொரு தடவை ஃபெயிலானா இந்த வீட்டுப் படி ஏறாதே" என்றார் அப்பா. கோபத்தில் சொன்னது, மறுநாளே மறந்துவிட்டார். பையன் மறக்கவில்லை. நடுவர் அவர்களே, அவன் ஓடவில்லை. அப்பா சொன்னதைக் கேட்டிருக்கிறான்!

இணையத்தில் வலைவீசும் ஆசாமிகள் இருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்படி வலைவீசுகிறவன் முதல் நாளே "கிளம்பி வா" என்பதில்லை. "சாப்பிட்டியா? ஏன் டல்லா இருக்கே?" என்று வாரக்கணக்கில் விசாரிக்கிறான். அப்புறம் "உன்னை எனக்கு மட்டும்தான் புரியுது" என்கிறான். அதற்கும் அப்புறம்தான் "யார்கிட்டயும் சொல்லாதே." அந்த முதல் கேள்வியைக் கேட்க வீட்டில் ஆள் இருந்தால் அவன் பிழைப்பு நடக்குமா?

வயசுக் கோளாறு என்றும் எதிரணி நண்பர் சொன்னார். உண்மைதான். விளைவை எடைபோட்டுப் பார்க்கும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. சரி, முதிர்ந்த மூளை வீட்டில் யாரிடம் இருக்கிறது? அவரல்லவா முதலில் குரலைத் தாழ்த்த வேண்டும்?

கண்டிப்பே வேண்டாமா என்பார்கள். வேண்டும். வீடு திரும்பும் நேரம், ஃபோனை வைக்கும் நேரம் எல்லாம் இருக்கட்டும். பிள்ளையையும் உட்காரவைத்துப் பேசி முடிவு செய்யுங்கள். தன்னைப் பாதிக்கும் விஷயத்தில் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு என்று 1989-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு சொல்கிறது. நம் வீட்டுச் சட்டத்தில் ஒரே பிரிவுதான்: "வாயை மூடு."

திடீரெனப் பணம் சேர்ப்பது, பிடித்த பொருளை நண்பனுக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லேன்னா உங்களுக்கு நிம்மதிதானே" என்பது. இவற்றைக் கண்டால் பையைச் சோதிக்காதீர்கள். "போயிடலாம்னு தோணுதா?" என்று நேரிலேயே கேளுங்கள். "என்ன ஆனாலும் முதலில் என்னிடம் சொல், அன்றைக்குத் திட்ட மாட்டேன்" என்று சொல்லுங்கள். சொன்ன அன்றைக்குத் திட்டாமலும் இருங்கள், கஷ்டம் அங்கேதான்.

இன்னொரு வகை வீடு உண்டு. அங்கே பிள்ளை ஓடுவது மதிப்பெண்ணுக்காக அல்ல. குடித்துவிட்டு அடிக்கும் கைக்குப் பயந்து, தகாத முறையில் தொடும் உறவினருக்குப் பயந்து. அந்தப் பிள்ளையைக் கண்டுபிடித்து "அம்மா அப்பா தேடுறாங்க" என்று அப்படியே ஒப்படைப்பது கொடுமை. தனியே உட்காரவைத்து ஏன் கிளம்பினாய் என்று கேட்டபிறகுதான் எங்கே அனுப்புவது என்று முடிவு செய்ய வேண்டும்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். பிள்ளையைக் காணவில்லை என்றால் உடனே போலீசுக்குச் சொல்ல வேண்டும். ஆனால் பல வீடுகளில் முதலில் வரும் பேச்சு என்ன? "வெளியே தெரிஞ்சா மானம் போயிடும், ரெண்டு நாள் பார்ப்போம்." பிள்ளை எங்கே என்பதைவிட ஊர் என்ன சொல்லும் என்பது பெரிதாகிற வீட்டில் அவன் எதிலிருந்து ஓடினான் என்று எதிரணி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. தீர்ப்பு உங்களுடையது. நன்றி, வணக்கம்.