மிட்டாய்க்கு மூணாவது ஊசி போட்டாச்சு!

ஹாய் மக்களே, மொதல்ல என் கையப் பாருங்க, இந்த மூணு கோடும் என் பூனைக்குட்டி மிட்டாய் போட்டது. இன்னிக்கு அவளுக்கு மூணாவது தடுப்பூசி, அதுக்கு அந்தக் கூடைக்குள்ள ஏத்த நாப்பது நிமிஷம் ஆச்சுங்க, நாப்பது! தலைய உள்ள விட்டா பின்னங்கால் ரெண்டையும் வாசல்ல முட்டுக் குடுத்துக்கிட்டு நிக்குறா, துண்டுல சுத்துனேன், நழுவிட்டா, கடைசில கூடைய நிமிர்த்தி வச்சு வாசல மேல பாத்த மாதிரி ஆக்கி, வால் பக்கமா இறக்கினேன் பாருங்க, பொத்துனு உள்ள போயிட்டா! இத யாரும் எனக்கு சொல்லித் தரல, நானே கண்டுபுடிச்சேன்.

சரி, கோவமான மேட்டருக்கு வரேன். "வீட்டுக்குள்ளயே இருக்குற பூனைக்கு எதுக்கு ஊசி"னு போன வீடியோல அத்தன பேர் கேட்டிருக்கீங்க. பான்லியூக்கோபீனியா வைரஸ் நம்ம செருப்புல ஒட்டிக்கிட்டே உள்ள வந்துடும்ங்க, ஒரு வருஷம் வரைக்கும் கூட அப்படியே கெடக்கும். குட்டிக்கு வந்துச்சுன்னா வாந்தி, பேதி, ரத்தத்துல வெள்ளை அணு மொத்தமா சரிஞ்சு ரெண்டு மூணு நாள்லயே உயிரே போயிடலாம். அப்புறம் "ஒரு ஊசி போட்டாச்சே"னு விடுறவங்க, ஐயோ. தாய்ப்பால்ல வந்த எதிர்ப்பு சக்தி உடம்புல இருக்குற வரைக்கும் ஊசிய வேல செய்ய விடாது, அது எப்போ தீரும்னு ஒவ்வொரு குட்டிக்கும் மாறும். அதான் 6-8 வாரத்துல ஆரம்பிச்சு, 3-4 வாரத்துக்கு ஒருக்கா, 16 வாரம் தாண்டுற வரைக்கும் போடுறாங்க.

அட, ஒன்ன விட்டுட்டேன். மிட்டாய் வந்தப்போ ரெண்டு வாரம் தனி ரூம், தனி கிண்ணம், தனி லிட்டர் டப்பா (அதாங்க, பூனை கக்கா போற மண் டப்பா)னு வச்சேன்ல? அஞ்சாவது நாளே தும்மல், கண்ணுல பீளை, கேட் ஃப்ளூ! வீட்டுல இருக்குற இன்னொரு பூனை, நம்ம குண்டு, தப்பிச்சான். ஆனா அது ஹெர்பீஸ் வைரஸ்னால வந்த ஃப்ளூன்னா ஆயுசுக்கும் உடம்புலயே ஒளிஞ்சிருக்கும், டென்ஷன் ஆனா திரும்ப தும்ம ஆரம்பிச்சுடும். ஊசி போட்டாலும் ஃப்ளூ வரலாம், ஆனா லேசா போயிடும். அவள அந்தத் தனி ரூம விட்டு வெளிய விடுறதுக்கு முன்னாடி ரத்த டெஸ்ட்டும் எடுத்தேன், லுக்கீமியா வைரஸ் எச்சில்ல பரவும், எஃப்ஐவி, அதாவது பூனையோட எதிர்ப்பு சக்தியக் கொறைக்குற வைரஸ், பெரும்பாலும் சண்டைக் கடியில வரும்.

ரூம கழுவ ஃபினாயில் மாதிரி வாசன அடிக்குறது எதுவும் வேணாம், எனக்கே ஆகாது, அதுல ஃபீனால் இருந்தா பூனைக்கு விஷம். 32 பங்கு தண்ணிக்கு 1 பங்கு ப்ளீச், அழுக்க மொதல்ல தொடச்சுட்டு ஊத்தி 10 நிமிஷம் ஊற விட்டு நல்லா அலசுங்க, காயுற வரைக்கும் பூனைய உள்ள விடாதீங்க.

அடுத்த வாரம் குண்டுக்கு பூஸ்டர். ஆறு கிலோ. கூடைய எந்தப் பக்கம் நிமிர்த்துறதுன்னே தெரியல.