பிளாஸ்டிக் கவரை எண்ணெயாக்கும் வெள்ளைத் தூள்

(திரையில்: கசங்கிய பிளாஸ்டிக் கவர்)

இந்தக் கவர் பாலிஎதிலீன், அதாவது கார்பனும் ஹைட்ரஜனும் மட்டும் கோத்த நீளமான சங்கிலி. டீசலும் பெரும்பாலும் அதே இரண்டால் ஆனதுதான். டீசல் மூலக்கூறில் கார்பன் ஏறக்குறைய 10 முதல் 20 வரை இருக்கும், கவரில் ஆயிரக்கணக்கில் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, சங்கிலியை எப்படி அறுப்பது? காற்றுப் புகாத கலனில் போட்டுச் சூடாக்க வேண்டும், காற்றுப் புகுந்தால் எரிந்துவிடும். 400, 500 டிகிரி செல்சியஸில் அறுபடும், ஆனால் கண்ட இடத்தில் அறுபடும். வாயு, எண்ணெய், மெழுகு எல்லாம் கலந்து வரும், அதில் இந்த மெழுகு படுத்துகிற பாடு கொஞ்சமல்ல, ஆவி குளிர்கிற குழாயில் ஒட்டி உறைந்து வழியையே அடைத்துவிடும்.

(திரையில்: வெள்ளைத் தூள், அருகில் பெரிதாக்கிய துளைகள்)

இங்கேதான் வினையூக்கி, அதாவது தான் தீர்ந்துபோகாமல் வேதிவினையை முடுக்கிவிடும் பொருள், வேண்டும். இது சியோலைட், சிலிக்கானும் அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த, உள்ளே முழுக்கத் துளைகளான தூள். இசட்.எஸ்.எம்-5 என்ற வகையில் ஒரு துளையின் அகலம் சுமார் 0.55 நானோமீட்டர், அதன் சுவரெல்லாம் அமிலத்தன்மை. பெரிய சங்கிலி அதற்குள் எளிதில் நுழையாது. முதலில் வெளிப்புறத்திலேயே துண்டாகி, அப்புறம் சின்னத் துண்டுகள் உள்ளே போய் இன்னும் வெட்டுப்பட்டு, பெட்ரோல் மூலக்கூறுகளின் அளவுக்குச் சுருங்கி வெளியே வரும். மெழுகு வெகுவாகக் குறைந்துவிடும், வெப்பமும் குறைவாகவே போதும். கூடவே வருகிற வாயுவை அதே கலனைச் சூடாக்க எரிக்கலாம். நாளடைவில் துளைகளில் கரி படிந்து தூள் சோர்ந்துவிடும், காற்றில் அந்தக் கரியை எரித்தால் பெருமளவு பழைய வேகம் திரும்பும்.

ஆனால் என்னைக் கேட்டால், பாதி வேலை உலைக்கு முன்னால், தரம் பிரிக்கிற மேசையிலேயே நடக்கிறது. தண்ணீர்க் குழாய் செய்கிற பி.வி.சி. பிளாஸ்டிக்கின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரின், 300 டிகிரியை எட்டும் முன்பே அது ஹைட்ரஜன் குளோரைடாக வெளியேறத் தொடங்கி இரும்பை அரிக்கும். தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக்கில் ஆக்சிஜன் உண்டு, அது பென்சாயிக் அமிலம் மாதிரித் திடப்பொருளாகிக் குழாயில் படியும். சுத்தமான பாட்டிலை உருக்கி மறுபடி பொருளாக்கவே முடியும்போது அதை இங்கே கொண்டுவருவதே தவறு.

அழுக்கேறி, கிழிந்து, வேறெதற்கும் ஆகாத கவர்களுக்குத்தான் இந்த வழி. கிடைக்கிற எண்ணெயை வண்டியில் எரித்தால் அந்தக் கார்பன் கரியமில வாயுவாகக் காற்றில்தான் கலக்கும். அதே எண்ணெயைச் சுத்திகரித்து, கச்சா எண்ணெயிலிருந்து பிரிக்கும் நாஃப்தா என்ற திரவத்தைப் போலப் பெட்ரோகெமிக்கல் ஆலைக்கு அனுப்பினால், பாலிஎதிலீன் சங்கிலியின் கண்ணியான எதிலீன் மறுபடி கிடைக்கும், அதிலிருந்து புதிய பாலிஎதிலீன் செய்யலாம். எரிப்பதற்கு முன் அந்த வழியைத்தான் பார்க்க வேண்டும்.