துப்பாக்கிச் சத்தம் எல்லோருக்கும் ஒன்றுபோல் கேட்பதில்லை!

ஒரு வினாடியை ஆயிரம் துண்டாக நறுக்குங்கள். அதில் ஒரே ஒரு துண்டுக்காக, உலக சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியிலிருந்து ஒரு வீரரை வெளியே அனுப்பினார்கள். நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் மனது ஆறாது.

2022 ஜூலை, அமெரிக்காவின் யூஜின் நகரம். ஆண்கள் 110 மீட்டர் தடை ஓட்டம். அந்த வீரர், அமெரிக்காவின் டெவன் ஆலன். அவர் படித்த பல்கலைக்கழகத்தின் மைதானம் அது. முந்தைய மாதம் 12.84 வினாடியில் ஓடி அசத்தியிருந்தார். அதே மாதம்தான் தந்தையையும் இழந்திருந்தார். அரங்கம் முழுக்க அவருக்காகக் காத்திருந்தது.

[திரையில்: 0.099]

துப்பாக்கி வெடித்து 0.1 வினாடிக்குள் காலை உந்தினால், கேட்பதற்கு முன்பே கிளம்பிவிட்டார் என்று விதி முடிவு கட்டிவிடும். ஆலனின் கணக்கு 0.099. அரையிறுதியில் அவர் எடுத்தது 0.101, அது செல்லும், இது செல்லாது! முன்பெல்லாம் முதல் தவறுக்கு எச்சரிக்கை உண்டு. 2010 முதல் அதுவும் கிடையாது. 2011-ல் தென் கொரியாவின் தேகுவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் உசேன் போல்ட்டே அப்படித்தான் வெளியேறினார்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். கொஞ்சம் கணக்குப் போடுவோம், ஓடிவிடாதீர்கள்!

ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். ஒரு தடத்தின் அகலம் 1.22 மீட்டர். ஓட்டத்தைத் தொடங்கிவைக்கும் ஸ்டார்ட்டர் முதல் தடத்தின் பக்கம் நின்று சுட்டால், எட்டாம் தடத்துக்கு அந்தச் சத்தம் எட்டரை மீட்டர் கூடுதலாகப் பயணிக்க வேண்டும். அதாவது 0.025 வினாடி தாமதம். முழு வேகத்தில் ஓடும் வீரர் அந்த நேரத்தில் கால் மீட்டர் கடந்துவிடுவார். எத்தனையோ பதக்கங்கள் அதைவிடக் குறைந்த இடைவெளியில் கைமாறியிருக்கின்றன.

இதற்காகத்தான், வீரர்கள் காலை ஊன்றி உந்திக் கிளம்பும் ஒவ்வொரு ஸ்டார்ட்டிங் பிளாக்குக்குப் பின்னாலும் ஒரு ஒலிபெருக்கி வைத்தார்கள். பிரச்சினை தீர்ந்ததா? இல்லை! 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் ஓட்டங்களைக் கனடா ஆய்வாளர்கள் அலசிப் பார்த்தார்கள். துப்பாக்கிக்கு மிக அருகில் இருந்த முதல் தடத்து வீரர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கிளம்பியிருந்தார்கள். காரணம், அவர்களுக்குச் சத்தம் பலமாகக் கேட்டது. தலைமாட்டில் பட்டாசு வெடித்தால் யோசித்துவிட்டா துள்ளுகிறோம்? உடம்பே தூக்கிப் போடுகிறது அல்லவா? 'செட்' என்ற குரலுக்குப் பிறகு மூச்சை அடக்கி, நரம்பெல்லாம் விறைத்துக் காத்திருப்பவருக்கு அந்த அதிர்ச்சியே ஒரு தள்ளு. ஒருவருக்குக் கூடுதல் தள்ளு, இன்னொருவருக்குக் குறைவு. இது எப்படிச் சமமான போட்டி?

2012 லண்டன் ஒலிம்பிக்கில் சத்தமில்லாத மின்னணுத் துப்பாக்கி வந்தது. விசையை அழுத்தினால் ஒலிபெருக்கிகள் மட்டுமே பேசும், எல்லாத் தடத்திலும் ஒரே நொடியில், ஒரே அளவில். அருமையான தீர்வு!

ஆனால் அந்த 0.1 மட்டும் அசையவில்லை. தடகளக் கூட்டமைப்புக்காக 2009-ல் பின்லாந்தில் நடந்த ஆய்வு, எல்லையை 0.08 அல்லது 0.085 வினாடியாகக் குறைக்கலாம் என்றது. மனித உடம்பால் அவ்வளவு சீக்கிரம் கிளம்ப முடியும் என்றால், ஆலன் ஏமாற்றினார் என்று எதை வைத்துச் சொல்வது? அவரை ஓடவிட்டிருக்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன்.

0.1 வினாடி எவ்வளவு சிறியது என்று வீட்டிலேயே பார்க்கலாம். 30 சென்டிமீட்டர் ஸ்கேலை ஒருவர் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ளட்டும். பூஜ்யத்துக்கு நேராக உங்கள் விரல்களைத் திறந்து வையுங்கள். சொல்லாமல் அவர் விடும்போது பிடியுங்கள். 5 சென்டிமீட்டர் கோட்டில் பிடித்தால் 0.1 வினாடி. கண்ணைவிடக் காது வேகமானது என்பதால் இது ஓட்டக்காரரின் சோதனையைவிடக் கடினம்தான். எனக்கு 17-க்குக் கீழே இறங்கவே இல்லை. உங்கள் வீட்டில் யார் எந்தக் கோட்டில் பிடித்தார்கள்? கமெண்ட்டில் எழுதுங்கள், ஒன்று விடாமல் படிப்பேன்.